பத்தியம் மருந்துக்குப் பகையன்று, மாற்றும் அன்று

திருவனந்தபுரத்தில் ஆயுர்வேதக் கல்வி நிறுவனம் 1889-இலும் மருத்துவக் கல்லூரி 1951-இலும் தொடங்கப்பட்டன. இரு மருத்துவ மரபுகளும் வேரூன்றிய அந்நகரில், குரோன் நோயோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ கண்ட இளைஞர் ஒருவரின் காதில் விழுபவை இரண்டே வாக்கியங்கள். உறவினரும் காணொளிகளும் சொல்வது: “உணவே மருந்து, மாத்திரையை நிறுத்து.” நெரிசல் மிக்க புறநோயாளர் பிரிவில் கிடைப்பது: “எதையும் சாப்பிடலாம், மாத்திரையை விடாதே.”

முதல் வாக்கியம் ஆபத்தானது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் ஆகியவற்றை விலக்கினால் வயிற்று உப்புசமும் வலியும் தணியக்கூடும். குடற்சுவரின் அழற்சி அதனால் தணிந்தது என்று பொருளில்லை. மலத்தில் கால்புரொடெக்டின் அளவைச் சோதித்தால் அது புலப்படும். நோயாளி நலமென நம்பியிருக்கும் மாதங்களில் குடல் சுருங்கலாம், புரைவழி உண்டாகலாம். முடிவு அறுவை அரங்கில் தெரியும்.

இரண்டாம் வாக்கியம் அறிவியலின் பெயரால் சொல்லப்படும் அலட்சியம். குரோன் நோயுற்ற சிறாருக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் திரவ ஊட்டம் மட்டுமே அளிப்பது ஐரோப்பிய வழிகாட்டுதல்களில் முதன்மைச் சிகிச்சைகளுள் ஒன்று. கொலைட்டிஸுக்கு அத்தகைய சான்று இல்லை. இவ்வேறுபாட்டைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அமெரிக்காவில் 2021-இல் வெளியான டைன்-சிடி ஆய்வு, கடுமையான மாவுப்பொருள் விலக்குணவு மத்தியதரைக்கடல் உணவைவிட மேம்பட்டதன்று எனக் கண்டது. ஆகவே, கடுமையே பத்தியத்தின் தகுதி என்பதும் பொய்.

குடல் சுருங்கிய ஒருவருக்கு அவியலின் முருங்கைச் சக்கையும் பலாவின் நாரும் அடைப்பை உண்டாக்கலாம். குழைந்த கஞ்சியும் மீனும் பொருந்தலாம். ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் நிறைந்த அயல்நாட்டுப் பட்டியல் இதைச் சொல்லாது. யார் சொல்வது?

“உணவே மருந்து” என்போர் சான்றுக்கு அழைக்கும் குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை இறுதிவரை படிக்கட்டும். அளவறிந்து உண்ணச் சொன்ன வள்ளுவர், நோயின் காரணத்தை ஆராயவும் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்கையும் எண்ணியே முடிக்கிறார். உணவை மட்டும் உருவி எடுப்பது வாசிப்பன்று, வெட்டியெடுப்பு.

தேவை எளிது: குடல்நோய்ப் பிரிவில் மருத்துவரின் அருகிலேயே ஓர் உணவியலாளர், இருவருக்கும் ஒரே கோப்பு, பத்தியத்தின் பலனையும் மருந்தின் பலனைப் போலவே அளந்து பார்க்கும் சோதனை. அதுவரை, அவ்விரு வாக்கியங்களுக்கும் விலை கொடுப்பது நோயாளியின் குடலே.