நொடிக்கு அரை பிட்

“நொடிக்கு அரை பிட்கூட வராத சமாச்சாரத்துக்கு எதுக்குய்யா இவ்வளவு மெனக்கெடறே?” என்னோடு கோடு எழுதுகிற நண்பர்களும் கேட்கிறார்கள், நாற்பது வருடம் மோர்ஸ் தட்டிய ஹாம் பெரியவர்களும் கேட்கிறார்கள். நண்பர்களுக்கு இது பழைய குப்பை. பெரியவர்களுக்கு இது ரேடியோவே கிடையாது. கம்ப்யூட்டரோடு கம்ப்யூட்டர் பேசுகிறது, மனுஷனுக்கு அங்கே என்ன வேலை? இருவர் கையிலும் இருப்பது ஒரே தப்பான அளவுகோல் என்பது என் கட்சி.

முதலில் கணக்கு. 2007 உலக வானொலி மாநாடு அமெச்சூர்களுக்கு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு சின்ன இடுக்கை ஒதுக்கியது. அங்கே அலைநீளம் சுமார் 2.2 கிலோமீட்டர். ஒழுங்கான கால் அலை ஆன்டெனா என்றால் கிட்டத்தட்ட 550 மீட்டர் உயரம். மொட்டை மாடியில் நம்மால் கட்ட முடிந்தது பத்துப் பதினைந்து மீட்டர் கம்பி. 100 வாட் உள்ளே தள்ளினால் பெரும்பகுதி மண்ணிலும் காயிலிலும் சூடாகப் போய்விடும், வெளியே கிளம்புவது மில்லிவாட் கணக்குதான். எதிரே உலகத்து மின்னல்களின் இரைச்சல், கூடவே பக்கத்து வீட்டு எல்இடி பல்பு. இதற்கு மேல் கத்த முடியாது. கையில் மிச்சமிருப்பது நேரம் மட்டுமே.

ஒரு குறியை நீட்டி அனுப்பினால், கேட்பவர் அதை மிகக் குறுகிய வடிகட்டியில் பிடிக்கலாம். பத்து மடங்கு நீட்டினால் உள்ளே நுழையும் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிறது. கியூஆர்எஸ்எஸ் முறையில் ஒரு மோர்ஸ் புள்ளி மூன்று நொடி நீளும், சில சமயம் ஒரு நிமிடம்கூட. காதால் கேட்க முடியாது, திரையில் கோடாகப் படிக்க வேண்டும். 2001-இல் இப்படித்தான் 136 கிலோஹெர்ட்ஸில் இங்கிலாந்தும் கனடாவும் பேசிக்கொண்டன. ஒரே உரையாடல் முடியப் பல இரவுகள் ஆயின.

2008-இல் ஜோ டெய்லர் விஸ்பர் முறையைக் கொண்டுவந்தார். பல்சர் ஆய்வுக்காக 1993-இல் நோபல் வாங்கியவர், இரைச்சலுக்குள் புதைந்த துடிப்பைத் தோண்டி எடுப்பதே அவர் தொழில். அழைப்புக்குறிக்கு 28 பிட், இடத்துக்கு 15, திறனுக்கு 7, ஆக 50 பிட். அனுப்ப 110.6 நொடி. பிடிக்கும் அகலம் வெறும் 6 ஹெர்ட்ஸ்.

பெரியவர்களே, கியூஆர்எஸ் என்றால் ‘மெதுவாக அனுப்பு’ என்பது உங்கள் மோர்ஸ் சுருக்கம்தானே? சர்வதேச விதிகள் 2003-இலேயே மோர்ஸ் கட்டாயத்தைக் கைவிட்டன. நம் 2009 விதிகளோ பொது உரிமத்துக்கு நிமிடத்துக்கு எட்டு வார்த்தை கேட்டன. அந்தத் தேர்வில் கியூஆர்எஸ்எஸ் வேகத்தில் தட்டினால் ஃபெயில். கடையில் வாங்கிய பெட்டியில் மைக்கைப் பிடித்துப் பேசினால் அது ரேடியோ. கம்பி சுற்றி, எர்த் அடித்து, மழை பெய்தால் மாறிப்போகும் டியூனிங்கோடு மல்லுக்கட்டுவது ரேடியோ இல்லையாம்!

நண்பர்களுக்கு வேறு பதில். ஷானனின் 1948 சூத்திரத்தை நாமெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவர்கள்தான். சத்தம் போதவில்லையென்றால் வேகத்தை விட்டுக்கொடுத்தாவது செய்தியைச் சேர்க்கலாம் என்று அது சொல்வதை என் வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. தொப்பூர் கணவாயில் சரக்கோடு இறங்கும் லாரி டிரைவருக்கு இந்த மாதிரிப் பேரம் தெரியும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் என்ன ஆகும் என்பதை அந்த இறக்கம் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. லோ கியரில் இறங்குகிறவரைப் பார்த்து யாரும் ‘பழைய ஆள்’ என்று சிரிப்பதில்லை.

நம் கடற்படையைப் பார்த்தும் யாரும் சிரிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. நீருக்கடியில் உள்ள நீர்மூழ்கிகளுக்கு 18.2 கிலோஹெர்ட்ஸில் செய்தி அனுப்புகிறது. அதிக அதிர்வெண்களைக் கடல் விழுங்கிவிடும், இந்தத் தாழ்ந்த அலை மட்டும் கொஞ்ச ஆழம் இறங்கும். குரலோ படமோ அதில் போகாது, மெதுவான எழுத்துதான்.

இதைப் பார்க்க அங்கே போக வேண்டியதில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யும் சாதாரண சவுண்ட் கார்டு 24 வரை பார்க்கும். மரச் சட்டத்தில் நூறு சுற்றுக் கம்பி, ஒரு சின்ன பெருக்கி, பழைய லேப்டாப் போதும். தொப்பூரின் மலைகள் 144 மெகாஹெர்ட்ஸை மறித்துவிடும். பதினாறு கிலோமீட்டர் நீள அலைக்கு அவை கரடுகூட இல்லை. நிலையம் இயங்கும் நாளில் 400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் கோடு திரையில் நிற்கும். செய்தியைப் படிக்க முடியாது, அது நம் வேலையும் இல்லை. ஆனால் விடியற்காலையில் அயனி மண்டலம் மாறும்போது அந்தக் கோட்டின் பலம் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். அதற்கு ஒரு முழு இரவு ஓடவிட வேண்டும்.