வீதி மரங்களும் நகரசபையாரும்

வீடு ஒருவனுடையது, வீதி யாருடையது? இவ்வினாவிற்கு நம்மவருட் பெரும்பாலோர் கூறும் விடை "சர்க்காருடையது" என்பதே. அவ்விடையிற் பாதி உண்மை உண்டு. வீதி போடுவதும் வடிகால் கட்டுவதும் விளக்கேற்றுவதும் நகரசபையின் கடமைகளே. ஆயினும், வீதியோரத்தில் ஒரு வேப்பங்கன்று தழைக்குமா, பட்டுப்போகுமா என்பதை நிச்சயிப்பது சபையாரின் தீர்மானப் புத்தகம் மட்டும் அன்று. எதிர்வீட்டார் வார்க்கும் ஒரு குடம் தண்ணீரும் ஆகும். இவ்விரண்டும் ஒன்றையொன்று நாடாமல் விலகி நிற்பதே நம் நகரங்களின் வறட்சிக்குப் பெரியதொரு காரணம் என்பது எமது கருத்து.

சாலையில் மரம் வைத்தல் நெடுங்காலமாய் ஆள்வோர்க்குரிய அறமாக எண்ணப்பட்டு வந்துள்ளது. மனிதர்க்கும் விலங்கினங்கட்கும் நிழலாகுமாறு வழிகளில் ஆலமரங்களை நடுவித்த செய்தியை அசோகன் தன் ஏழாம் தூண் சாசனத்திற் பொறித்து வைத்தான். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர் இன்றும் பாண்டி நாட்டுச் சாலைகளோடு சேர்ந்தே வழங்குகின்றது. 1841-இல் இடையன்குடி சேர்ந்த கால்டுவெல் ஐயர், தேரி மணலின் நடுவே இருந்த அவ்வூரில் தெருக்களை ஒழுங்குபட வகுத்துக் கிணறுகள் தோண்டி மரங்களும் வைத்தார். பின்னர் ஜில்லா போர்டுகளின் காலத்தில் அறத்தோடு ஆதாயமும் சேர்ந்தது. சாலைப் புளியமரங்களின் மகசூல் ஏலத்தில் விடப்பட்டது. சில பகுதிகளில் அவ்வழக்கம் இன்றும் உண்டு. இதனை அற்பக் காரியமாக எண்ணலாகாது. மரத்தினின்று வருமானம் வந்தமையால் மரத்திற்குக் கணக்கு இருந்தது. அடிமரத்தில் எண்ணும் எழுதப்பட்டது. கணக்கு இருந்தமையாற் காவலும் இருந்தது. இக்காலத்து நகர வீதியில் நிற்கும் புங்கமரம் பைசா ஈட்டித் தருவதில்லை. ஆதலின் அது பிறந்த நாளையும் எவரும் குறிப்பதில்லை, இறந்த நாளையும் எவரும் வினவுவதில்லை.

நிற்க. மரம் நடுவோர் இல்லை என்று எவரும் சொல்லார். நடுவோர் மிகுதி. அவர்கள் நடுகின்ற காலமே பிழை. உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. 1950 முதல் நடைபெற்று வரும் வனமகோற்சவம் ஜூலை முதல் வாரம். தென்மேற்குப் பருவமழை பெறும் நாடுகட்கு இவ்விரண்டும் மிகப் பொருத்தமானவை. சோழமண்டலக் கரையிலோ பெருமழை வருவது ஐப்பசி கார்த்திகையில். வைகாசியிலோ ஆனியிலோ இங்கு நடப்படும் கன்று, நான்கு மாத வெயிலைத் தாங்கியே மழையைக் காணவேண்டும். அதுவரை லாரித் தண்ணீர் ஊற்றுவார் யார்? புகைப்படம் எடுத்தவர் சென்றபின் அக்கன்றுக்கு உற்றார் எவரும் இலர். அடுத்த ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று. அதற்கு வேறொரு விருந்தினர். செலவுக் கணக்கு மட்டும் ஆண்டுதோறும் தழைக்கின்றது.

நட்டுத் தப்பிய மரமும் சுகமாக வாழ்வதில்லை. 2016 டிசம்பர் 12-இல் சென்னையைத் தாக்கிய வார்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அயல்நாட்டு மரங்கள் வலியற்றவை என்று பலர் அவற்றைப் பழித்தனர். அதில் நியாயம் உண்டு. ஆயினும் மரத்தைப் பழிக்குமுன் அதன் அடியை நோக்குதல் முறையன்றோ? சாலைக்கென ஊற்றிய தாரும் நடைபாதைக்கென ஊற்றிய சிமெண்டும் அடிமரத்தை நெருக்குகின்றன. குழாய்க்கும் மின்கம்பிக்கும் தோண்டும் பள்ளங்கள் வேரை அறுக்கின்றன. 2013-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தில்லி நகர மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் எல்லைக்குள் இருந்த காங்கிரீட்டை அகற்றுமாறு ஆணையிட்டது. ஒரு மீட்டர் மண்ணைப் பெறுவதற்கு ஒரு மரம் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது!

இனிப் பணத்தைப் பற்றிச் சில சொல்லவேண்டும். 1992-இன் 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகட்கு உரியனவாக வகுத்த 18 பொருள்களில் நகர்ப்புறக் காடு வளர்ப்பும் பூங்காக்களும் அடங்கும். தமிழ்நாட்டரசு 2021-இல் மீண்டும் தொடங்கிய "நமக்கு நாமே" திட்டத்தின்படி, பூங்கா முதலிய பொதுப் பணிகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையேனும் மக்கள் தந்தால் எஞ்சியதை அரசு அளிக்கும். மக்களையும் சபையாரையும் பிணைக்கும் நல்ல கயிறு இது. எனினும் ஓர் ஐயம் எமக்கு உண்டு. பங்களாக்கள் நிறைந்த வீதியார் தம் பங்கை ஒரு மாலைப் பொழுதிலே திரட்டிவிடுவர்; அங்கே முன்னரே தோட்டங்களும் நிழலும் உள்ளன. கூலி வேலை செய்வோர் நெருங்கி வாழும் சந்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது எட்டாக் கனி; வெயிலோ அங்கேதான் அதிகம். வேண்டியார்க்குக் கிடையாமல் உள்ளார்க்கே சென்று சேரும் உதவி, எவ்வளவு நல்ல நோக்கமுடையதாயினும், அறம் ஆகாது. ஆதலின் அத்தகைய வீதிகளில் மக்களின் உழைப்பையே அவர்தம் பங்காக ஏற்றல் வேண்டும். இரண்டு கோடைகள் தண்ணீர் வார்த்து ஒரு கன்றைக் காத்தவன் சபைக்கு மிச்சப்படுத்திய லாரிக் கூலி சிறிதன்று.

சபையார் தரவேண்டுவன மூன்றே: கன்று, கூண்டு, அருகில் ஒரு குழாய். ஒப்பந்தக்காரருக்குத் தரும் தொகையையும் நட்ட எண்ணிக்கைக்குத் தராது, இரண்டு ஆண்டுகள் கழித்து உயிரோடு நிற்கும் எண்ணிக்கைக்கே தருதல் நலம். இம்முறையில் ஒப்பந்தக்காரர் கிடைக்கமாட்டார் என்பர் சிலர். கிடையாவிடின், அவ்வேலைக்குரியவர் அவ்வீதியாரே என்பது தெளிவாகும்.

மரத்தின் வேர் வடிகாலை உடைக்கும், கிளை மின்கம்பியைத் தொடும், சருகு வாயிலில் விழும் என்னும் முறையீடுகள் வெறும் சாக்குகள் அல்ல. குறுகிய சந்தில் ஆலும் அரசும் வைத்தல் பேதைமை. ஆங்குப் பூவரசும் புங்கும் போதும். வேருக்கும் ஒவ்வாமைக்கும் அஞ்சிக் கோனோகார்ப்பஸ் நடுதலைத் தமிழக அரசு 2025-இல் தடுத்தது. அம்மரத்தை நகரெங்கும் நடுமுன் ஒரு தாவரநூல் ஆசிரியரை வினவியிருந்தால் அத்தடைக்கே தேவை இராது.

இவ்விடத்தில் நம் கல்லூரியார்க்கும் ஒரு பணி உண்டு. 2022-இன் விதிகளால் நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் ஏற்பட்டுள்ளன. அவற்றின் கூட்டங்கட்குக் குடிகள் செல்லலாம். நம் தாவரநூல் மாணவர் ஒரு கோடை விடுமுறையில் இவ்வார்டின் வீதிகளை நடந்து, எந்த மரம் எங்கு நிற்கிறது, எதன் அடியைச் சிமெண்டு இறுக்கியுள்ளது, எங்கு நிழலே இல்லை என்று ஒரு பதிவேடு எழுதலாம். அதன் படியொன்றை ஆவணி முடியுமுன் பகுதி சபையில் வைத்தால், புரட்டாசியிற் குழி தோண்டி, ஐப்பசி முதல் மழையோடு கன்றுகளை நட்டுவிடலாம்.