தயிர்சாதம் தின்னும் வேட்டை நாய்

“ஃபிளாட்டில் பெரிய நாயெல்லாம் கட்டுப்படியாகாது, ஒரு டாஷண்ட் வாங்கலாம் என்று இருக்கிறோம்.” சென்னையிலோ கோவையிலோ நாய் வளர்ப்பு பற்றிப் பேச்செடுத்தால் இந்த வசனம் தப்பாமல் வந்து விழும். பின்னாலேயே மற்றவையும் வரும்: சாப்பாடு கொஞ்சம்தான், வாக்கிங் தேவையில்லை, ஹாலிலேயே ஓடி ஆடிக்கொள்ளும், குழந்தைகளுக்கு பொம்மை மாதிரி. குட்டி விற்பவரும் இதையேதான் ஒப்பிக்கிறார். அவர் வியாபாரி, சொல்லத்தான் செய்வார். படித்த மனிதர்கள் அதை நம்பி, மூன்றே வருடத்தில் பின்னங்கால் விளங்காத நாயைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்களே, அதைத்தான் சகித்துக்கொள்ள முடியவில்லை.

டாஷண்ட் கால் குட்டையான வேட்டை நாய். அது மடிநாயாகப் பிறந்ததே இல்லை. ஜெர்மனியில் பல தலைமுறையாக அதைப் பழக்கியது, பாட்ஜர் என்ற விலங்கை அதன் வளைக்குள்ளேயே புகுந்து மடக்குவதற்காக. பாட்ஜர் சாதுவான பிராணி அல்ல. பத்து கிலோவுக்கு மேல் எடை, மண்ணைக் கிழிக்கும் நகம், கவ்வினால் விடாத தாடை. கும்மிருட்டில், உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாத பொந்தில், அதன் முகத்துக்கு நேரே நின்று இந்த நாய் விடாமல் குரைக்க வேண்டும். மேலே நிற்கும் வேட்டைக்காரர் அந்தக் குரலை வைத்துத்தான் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்வார். ஜெர்மானியர்கள் 1888-லேயே இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றும் அங்கே இதன் மூன்று அளவுகளைப் பிரிப்பது மார்புச் சுற்றளவை வைத்து. எந்தப் பொந்துக்குள் நுழையும் என்பதுதானே கேள்வி!

ஆக, உருவத்துக்கு மீறிய குரலும், எதிரி எவ்வளவு பெரிதானாலும் பின்வாங்காத முரட்டுத்தனமும், எஜமானர் கண்ணுக்குப் படாத இடத்தில் தானே முடிவெடுக்கும் புத்தியும் இதற்குத் திட்டமிட்டு ஊட்டப்பட்டவை. அப்படிப்பட்டதை மூன்றாவது மாடியில் பூட்டி வைத்துவிட்டு, லிஃப்ட் கதவு திறந்தாலே குரைக்கிறது, சோபாவைப் பிறாண்டுகிறது, பூந்தொட்டி மண்ணையெல்லாம் வாரி இறைக்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். ‘அடம் பிடிக்கிற ஜாதி’ என்று பட்டமும் கொடுக்கிறோம். தோட்டமுள்ள வீட்டில் விட்டுப் பாருங்கள். பெருச்சாளி வளை ஒன்று அகப்பட்டால் போதும், நாள் முழுக்க அதன் வாயை விட்டு நகராது. (அந்த வளையில் பாம்பும் இருக்கக்கூடும். டாஷண்ட் அதற்காகத் தயங்காது. நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.)

இப்போது அந்த ‘பொம்மை’ விஷயத்துக்கு வருகிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான நாய் உரிமையாளர்களிடம் கேட்டறிந்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், வெளியாட்களிடமும் சொந்த வீட்டாரிடமும் சீறுவதில் முன்வரிசையில் நின்றவை சிவாவா, ஜாக் ரஸ்ஸல் டெரியர், டாஷண்ட். ஐந்தில் ஒரு டாஷண்ட் வெளியாளைக் கடித்திருக்கிறது, அல்லது கடிக்கப் பாய்ந்திருக்கிறது. ஊரே அஞ்சும் ராட்வைலர் அந்த முன்வரிசையில் இல்லை. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 23 வகை நாய்களை வளர்க்கத் தடை கோரி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியபோது அதில் ராட்வைலர் இருந்தது, டாஷண்ட் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. ராட்வைலர் கடித்தால் உயிர் போகும், டாஷண்ட் கடித்தால் தையலோடு போய்விடும். ஆனால் அந்தத் தையல் ஒரு குழந்தையின் கன்னத்தில் போடப்படலாம்.

ஏன் கடிக்கிறது? பெரிய நாய் உறுமினால் வீடே எச்சரிக்கையாகிவிடும். டாஷண்ட் உறுமினால் சிரித்து, செல்போனில் படம் பிடித்து, சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறோம். எச்சரிக்கைக்கு மரியாதை இல்லை என்று கண்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் இதை முன்னங்கால்களுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். பின்பாதி அப்படியே காற்றில் தொங்குகிறது. ஒரு கை மார்புக்கடியில், மறு கை இடுப்புக்கடியில், முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி தூக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. வலிக்கிறது, கடிக்கிறது.

இந்த நாயின் முதுகு நீளமாக இருப்பதால்தான் ஒடிகிறது என்பது ஊரறிந்த விளக்கம். அதுவும் பாதிதான் உண்மை. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகள் மற்ற பல நாய்களுக்கு முதுமையில் காய்கின்றன என்றால், டாஷண்டுக்கு ஒரு வயதிலேயே காயத் தொடங்கி, சில இடங்களில் சுண்ணாம்பாகக் கெட்டிப்படுகின்றன. அப்படிக் கெட்டியானது என்றாவது வெடித்து மேலே தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால்கள் போய்விடும். பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில். காரணம் மரபணுவில் இருக்கிறது. எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று கால்களைக் குட்டையாக்குகிறது என்று 2009-ல் தெரிந்தது. அதே மரபணுவின் இன்னொரு பிரதி கால்களையும் குறுக்கி, வட்டுகளையும் கெடுக்கிறது என்று 2017-ல் தெரிந்தது. நாம் பார்த்துச் சிரித்து மயங்குகிற அந்தக் குட்டைக் காலும், நாயை முடக்கிப்போடும் நோயும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, சில கணக்குகளில் நான்கில் ஒன்று என்ற விகிதத்தில் டாஷண்டுகள் வாழ்நாளில் இதைச் சந்திக்கின்றன.

ஓவியர் பிக்காசோவின் வீட்டில் வளர்ந்த லம்ப் என்ற டாஷண்டும் தப்பவில்லை. புகைப்படக் கலைஞர் டேவிட் டக்ளஸ் டங்கன் 1957-ல் கூட்டிவந்து விட்ட நாய் அது. அந்த ஆண்டு பிக்காசோ, வெலாஸ்கஸ் என்ற ஓவியரின் ஓவியம் ஒன்றை மறுபடி மறுபடி வரைந்த தொடரில், மூலத்தில் படுத்திருக்கும் பெரிய வேட்டை நாயின் இடத்தில் லம்ப்தான் இருக்கிறது. பிறகு முதுகு பாதித்து நடக்க முடியாமல் போனது. டங்கன்தான் ஜெர்மனிக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்.

முதுகு பலவீனம் என்று கேள்விப்பட்டதும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், நடப்பதையே நிறுத்துவது. தூக்கித் தூக்கி வைப்பார்கள். இது கண்டிக்க வேண்டிய அறியாமை. 2015-ல் பிரிட்டனில் டாஷண்ட் வளர்ப்பவர்களிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கும் நாய்களிடம் இந்த நோய் குறைவாகவே காணப்பட்டது. நோய் வந்த நாயை நடக்கவிடாமல் வைத்ததால் கணக்கு அப்படி வந்திருக்கலாமே என்று நீங்கள் வாதிடலாம், நியாயமான கேள்விதான். ஆனால் தசை வலுவில்லாமல், வயிறு தரையைத் தொடும்படி ஊதிய நாய்க்கு முதுகு நிற்கும் என்று வாதிட முடியாது. தயிர்சாதமும் டீ வேளைக்கு நான்கு பிஸ்கட்டும்தான் இங்கே பெரும்பாலான டாஷண்டுகளின் உணவு. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான் சோதனை. நடை அதிகாலையில் இருக்கட்டும்; சித்திரை வெயிலில் தார்ச்சாலையின் சூடு இதன் வயிற்றுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் இருக்கிறது. கழுத்துப் பட்டையைவிட மார்போடு போடும் பட்டை நல்லது. வழவழக்கும் டைல்ஸ் தரையில் மிதியடி விரியுங்கள்.

நாய் திடீரென்று முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கினால், தூக்கும்போது கத்தினால், பின்னங்கால் பின்னினால், எண்ணெய் போட்டு நீவாதீர்கள். நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கால் முற்றிலும் விழுந்த நாய்க்கு அறுவை சிகிச்சை ஓரிரு நாளுக்குள் நடந்தால் மறுபடி நடக்கும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தைத்தான் ‘எங்கேயோ இடிபட்டிருக்கும், சரியாகிவிடும்’ என்று நாம் வீணாக்குகிறோம்.

இவ்வளவையும் செய்யத் தயாரானவர்கள் தாராளமாக வாங்கட்டும். இதைப்போல் துணிச்சலும் குறும்பும் உள்ள நாய் அபூர்வம். தாயையும் தகப்பனையும் நேரில் பார்த்து, அவற்றின் முதுகு எப்படி என்று விசாரித்து வாங்கட்டும். அந்தக் கேள்விக்கு எரிச்சல்படும் விற்பனையாளரிடமிருந்து வெறுங்கையோடு திரும்பட்டும். காலையில் பூட்டி மாலையில் திறக்கும் வீடு, நடக்க நேரமில்லாத எஜமானர், குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசு என்றிருப்பவர்களுக்கு எந்த இன நாயும் சரிவராது; மீன் தொட்டி வைத்துக்கொள்ளலாம். நடக்க நேரம் இருக்கிறது, ஆனால் முதுகு வைத்தியத்துக்குப் பணமில்லை என்பவர்களுக்குத் தெருமுனையில் நாட்டு நாய்க்குட்டிகள் இருக்கின்றன, இலவசமாக.