ஐம்பது சென்டிமீட்டர் முறுக்கு

கூரியர் பில்லில் எடைக்கு மட்டும் காசு இல்லை. பெட்டி அடைத்துக்கொள்கிற இடத்துக்கும் உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000ஆல் வகுத்தால் வருவதற்கு ‘வால்யூம் வெயிட்’ என்று பெயர். தராசில் நிற்கும் எடையா, இந்தக் கணக்கில் வரும் எடையா, எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்த எண் இறங்கினால் பில் ஏறும்.

எங்கள் காரைக்குடிச் சரக்கு இந்தக் கணக்கில் வசமாக மாட்டும். பனையோலைக் கொட்டானைக் கையில் தூக்கினால் கனமே தெரியாது. பெட்டிக்குள் வைத்தால் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். கண்டாங்கிச் சேலை மடித்தால் தட்டையாகக் கிடக்கும், தப்பித்துவிடும். பலகாரம்தான் பாவம். கைமுறுக்கு நொறுங்காமல் போய்ச் சேர வேண்டுமானால் சுற்றிலும் காகிதம் திணிக்க வேண்டும். திணித்த காகிதத்துக்கும், முறுக்கின் நடுவில் இருக்கிற ஓட்டைக்கும் சேர்த்துத்தான் சென்னை வரை கட்டணம்.

இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். வேனில் இடம் போனால் போனதுதான். உலகம் முழுக்க இதே முறைதான். அமெரிக்காவில் பெரிய பெட்டிகளுக்கு மட்டும் இருந்த இந்தக் கணக்கை 2015 பிறக்கிற நேரத்தில் ஃபெடெக்ஸும் யூ.பி.எஸ்.ஸும் தரைவழியாகப் போகும் சின்னப் பெட்டிகளுக்கும் கொண்டுவந்தன. கூரியர் பில்லைச் சரிபார்த்துக் கொடுத்து, மீட்ட பணத்தில் பங்கு எடுத்துக்கொள்வதையே தொழிலாக நடத்தும் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. தப்பான பில் அவ்வளவு சகஜம்.

முறையில் குற்றமில்லை, வம்பு அளக்கிற இடத்தில் வருகிறது. எங்கள் தெருவில் ஓர் ஆச்சி பலகாரம் போட்டு வாட்ஸப்பில் ஆர்டர் பிடித்து அனுப்புகிறார். அடுப்படியில் அவரும், துணைக்கு ஒரு பெண்ணும். வாங்குவது ஒரே அளவு அட்டைப்பெட்டி: முப்பதுக்கு இருபத்தைந்து, உயரம் இருபது. பெருக்கி வகுத்தால் 3 கிலோ. கைமுறுக்கும் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் அடைத்துத் தராசில் வைத்தால் 3.2. அரைக் கிலோவுக்கு அரைக் கிலோ ஏற்றிப் போடுவதால் பில் 3.5 கிலோவுக்கு வர வேண்டும். ஒரு சென்னைப் பார்சலுக்கு 7.5 கிலோ என்று வந்தது. விவரத்தைத் திறந்து பார்த்தால் உயரம் 50 என்று போட்டிருக்கிறது. நான்கு கிலோ கூடுதல். கிலோவுக்கு 50 ரூபாய் வீதம் 200, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 36. ஆக 236 ரூபாய், ஆப்பில் அவர் முன்கூட்டிப் போட்டு வைத்திருந்த வாலட்டிலிருந்து கேட்காமல் எடுக்கப்பட்டிருந்தது.

“தம்பி, அம்பது சென்டிமீட்டர் ஒசரத்துக்கு முறுக்கை அடுக்குனா அடியில கெடக்குறது மாவாயில்ல போயிரும்? நான் முறுக்கு விக்கிறேனா, மாவு விக்கிறேனா?” என்றார் ஆச்சி.

எந்த வக்கீலாலும் இதைவிட நன்றாக வாதாட முடியாது. ஆனால் புகார்ப் பெட்டிக்கு முறுக்கைப் பற்றித் தெரியாது. ‘எடை சரிபார்க்கப்பட்டது’ என்று ஒற்றை வரி வந்தது, புகார் முடித்து வைக்கப்பட்டது. மறுபடி எழுதினோம். இந்த முறை நியாயம் பேசவில்லை, ஒன்றே ஒன்று கேட்டோம்: அளந்தபோது எடுத்த படத்தை அனுப்புங்கள். படம் வந்தது. ஆச்சியின் பெட்டி இருக்கிறது. அதன் தலைமேல் யாருடையதோ இன்னொரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஐம்பது. கூடவே, அனுப்புவதற்கு முன் தராசின் மேலும் டேப் பிடித்தும் அவர் எடுத்து வைத்திருந்த படங்களையும் போட்டு எழுதியபிறகு வேறு பேச்சு இல்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் மாறிப்போனது அளக்கிற கருவி அல்ல, பணம் இருக்கும் கைதான். முன்பெல்லாம் கூரியர் கடையில் மாதக் கணக்கு வைத்திருப்போம். மாதக் கடைசியில் பையன் பில்லைக் கொண்டுவந்து நீட்டுவான். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்து, ஒத்துவராததைச் சுழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பார். சுழித்ததற்குச் சமாதானம் சொல்ல வேண்டியது கூரியர்க்காரர். இன்றைக்கு வாலட்டில் பணம் முதலிலேயே அவர்களிடம் போய்விடுகிறது. எடுத்துக்கொண்ட பிறகுதான் தகவல் வரும். மறுப்பதற்குப் பல இடங்களில் ஒரு வாரம் போலத்தான் தவணை. கேட்க வேண்டியவன் மாறிவிட்டான். 236 ரூபாய்க்காக யார் நாலு தடவை எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று நாம் விட்டுவிடுகிற அலுப்புதான் தப்பான பில்லுக்கு ஆயுளைக் கொடுக்கிறது.

விடாதவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் முதலில் பழகியது கணக்கை அன்றன்றைக்கே எழுதி முடிப்பதைத்தான். பற்றும் வரவும் பேரேட்டில் ஏறும். ஐந்தொகை எடுத்தால் உதைக்கக் கூடாது. கடல் தாண்டி இருக்கும் கடையின் நிலவரத்தை முதலாளி ஊரிலிருந்தபடியே படித்துத் தெரிந்துகொண்டது இந்த எழுத்தை நம்பித்தான். ஆச்சி பார்சல் நோட்டு போட்டதும் அந்த வழக்கத்தில்தான். தேதி, பார்சல் எண், போன ஊர், தராசு எடை, பெட்டி அளவு, சொன்ன கட்டணம், பிடித்த கட்டணம் என்று ஒரு பார்சலுக்கு ஒரு வரி. கடைசி இரண்டு கட்டமும் ஒத்துப்போகாத வரியில் சிவப்பு மையில் கோடு. பார்சல் கைவிட்டுப் போனபிறகு ஆதாரம் தேடினால் கிடைக்காது. கட்டும்போதே எடுத்தால்தான் உண்டு. தராசும் தொழிலாளர் துறையின் முத்திரை பெற்றதாக இருந்தால் நம் எடைக்கு மரியாதை கூடும்.

சட்டம் துணைக்கு வருமா? வரும், ஆனால் தானாக ஓடி வராது. கையெழுத்துப் போட்ட ரசீதின் பின்பக்கத்தை நீதிமன்றம் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஜெர்மனிக்கு ஆடை அனுப்பிய பாரதி நிட்டிங் கம்பெனி 1990இல் அதற்கான ஆவணங்களை டி.எச்.எல். கூரியரில் அனுப்பியது. உறை போய்ச் சேரவில்லை. நகல் அனுப்பிச் சரக்கை எடுப்பதற்குள் சீசன் முடிந்துவிட்டது. வாங்கியவர் விலையைக் குறைத்தார். நஷ்டம் நான்கு லட்சத்துக்கு மேல். 1996இல் உச்ச நீதிமன்றம், ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட நிபந்தனைப்படி 100 டாலர்தான் என்று சொல்லிவிட்டது. அது தொலைந்துபோன உறையின் வழக்கு, பில் வழக்கு அல்ல. பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான்: ஆப்பில் ‘சம்மதம்’ என்று தட்டுவதற்கு முன் எடைத் தகராறு பற்றிய பத்தியையாவது படித்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல், வியாபாரம் செய்கிறவர் நுகர்வோரா என்பது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்கிறது சட்டம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கும் தருகிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தின் மீது லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர்தான். துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. அடுப்படித் துணைப் பெண்ணால் ஆச்சிக்குப் பாதகமில்லை என்று இதை வைத்து வாதாடலாம். ஆனால் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்கு, வாங்கிய பொருளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கூரியர் போன்ற சேவைக்கும் அது உண்டு என்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம், அதற்குச் செலவில்லை. அங்கே தீராவிட்டால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமும் இல்லை.

ஆச்சிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. வாலட்டில் 200 ரூபாய் திரும்பி வந்தது. எல்லாரும் முடிந்தது என்று நினைத்தோம். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, “முப்பத்தாறு எங்க?” என்றார். கட்டணத்தைத் திருப்பியவர்கள் அதன்மேல் பிடித்த வரியைத் திருப்பவில்லை. ஜி.எஸ்.டி. பதிவுக்குத் தேவையான 40 லட்ச விற்றுவரவுக்கு வெகு தூரத்தில் இருப்பவர் ஆச்சி. பதிவு உள்ள கடைக்காரரைப் போல அந்த வரியை வேறு வழியில் கழித்துக்கொள்ளவும் அவரால் முடியாது. முப்பத்தாறுக்கு மறுபடியும் எழுதச் சொன்னார். அதோடு, என் பெட்டி இந்த அளவுதான் என்று படத்துடன் கணக்கில் பதிந்து வைக்கவும் சொன்னார். அந்த வசதி பல ஆப்களில் இருக்கிறது.

“போகட்டுமே ஆச்சி, முப்பத்தாறு ரூபாய்தானே” என்றேன்.

“ரூவா கெடக்கட்டும் தம்பி. இன்னைக்குச் சும்மா இருந்தா, அடுத்த பொட்டிக்கும் அம்பதுன்னுதான் எழுதுவான். அப்புறம் அதுதான் என் பொட்டியோட அளவுன்னு ஆயிரும்.”