திருவிழா நாடகத்தில் மனநலம் பேசலாமா?

“கீரனூருக்குப் பக்கத்துக் கிராமம். போர் வற்றி, கடன் ஏறியதிலிருந்து ஊரில் சிலர் யாரோடும் பேசாமல் ஒதுங்கிக் கிடக்கிறார்கள். மனநலம் பற்றிக் கூட்டம் போட்டால் ஆள் வருவதில்லை. மாரியம்மன் திருவிழா நாடகம் வழியாகச் சொன்னால் பலன் இருக்குமா?”
- வாசகர், கீரனூர்

தாராளமாகச் செய்யலாம். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது பழகிய வழிதான். 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்துப் படிக்க ஆள் திரட்ட வீதி நாடகமும் பாட்டும் ஊர் ஊராகப் போயின. மனநலத்துக்கும் உதாரணம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ‘ஸ்கார்ஃப்’ என்ற மனநலத் தொண்டு நிறுவனம், 2010-ல் இதே மாவட்டத்தில் ஒரு பேருந்தை இயக்கத் தொடங்கியது. பேருந்தின் பின்புறத் திரையில் மனநோய் பற்றிய படம் ஓடியது. உள்ளே, சென்னையிலிருந்த மருத்துவரிடம் வீடியோவில் பேச முடிந்தது. மாத்திரையும் அங்கேயே இலவசமாகக் கிடைத்தது. வெளியே நின்று படம் பார்த்தவருக்கு, பத்தடி தூரத்தில் மருத்துவர் கிடைத்துவிட்டார். நாடகம் போடுவோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

உங்கள் பகுதியில் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். அதில் முதலில் மேடைக்கு வருபவர் பபூன். கதைக்குச் சம்பந்தமில்லாத ஊர் நடப்பையெல்லாம் பேச அவருக்கு உரிமை உண்டு. “ராத்திரி தூக்கமில்ல, வயலுக்குப் போகவே பிடிக்கல, குடிச்சாத்தான் படுக்க முடியுது” என்று அவர் தன்னைப் பற்றியே பேசட்டும். கீழே துண்டு விரித்து உட்கார்ந்திருப்பவர், தன் பெயர் வெளியே வராமலே தன் கதையைக் கேட்டுக்கொள்வார். மறுநாள் டீக்கடையில் பபூனைப் பற்றிப் பேசுவதுபோலத் தன்னைப் பற்றியும் பேசிவிடலாம்.

ஆனால், பபூனின் தொழிலே சிரிக்க வைப்பது. ‘பைத்தியம்’ என்று ஒருவரைக் கேலி செய்து கைத்தட்டல் வாங்கிவிட்டால், இருக்கிற வாயும் மூடிக்கொள்ளும். இதை ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிட வேண்டும். தற்கொலைக் காட்சி கூடவே கூடாது.

நாடகத்துக்கு முன்பே புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பேசி, திருவிழா முடிந்த வாரத்திலேயே ஊருக்கு யாராவது வர ஏற்பாடு கேளுங்கள். வர முடியாது என்றால், எந்த நாளில் எங்கே போய்ப் பார்ப்பது என்றாவது கேட்டு, மேடையிலேயே சொல்ல வையுங்கள். மைக்கில் அன்பளிப்புப் பட்டியல் வாசிக்கும்போது 14416 என்ற எண்ணையும் சேர்த்து வாசிக்கலாம். இது மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண். 2022-லிருந்து இயங்குகிறது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஒதுங்கிக் கிடப்பவர்களில் யாராவது ‘இனி இருந்து என்ன’ என்று பேசினால், திருவிழா வரை காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே அந்த எண்ணுக்குப் பேசுங்கள் அல்லது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அவர் வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை எடுத்து, வேறொரு வீட்டில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.