லாச்சிக்குள் தேங்கிய சரக்கு

எமது கடைகளில் வருடத்துக்கு ஒரு தடவையாவது இருப்பெடுக்கிறோம். நோன்புப் பெருநாளைக்கு எடுத்த துணி, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்தும் போகாவிட்டால் விலையைக் குறைத்துக் கழித்து விடுகிறோம். போட்ட காசு முழுதாக வராவிட்டாலும் விற்கிறோம். முடங்கிய பணத்தை விடச் சுழலும் பணம் மேல் என்பது மூன்றாம் குறுக்குத் தெருவில் எந்தச் சிறு வியாபாரிக்கும் தெரியும்.

அப்படித் தெரிந்த நானே 13 வருடங்களாக ஒரு சரக்கை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தேன். 2011 இல் வாங்கிய ஒரு கம்பனியின் பங்குகளே அவை.

2009 இல் யுத்தம் முடிந்த பின் கொழும்புப் பங்குச் சந்தை ஏறிய வேகம் பலருக்கும் நினைவிருக்கும். 2011 பெப்ரவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 7,800 ஐ எட்டியது. அந்த உச்சத்தில்தான் நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு 10 இலட்சம் ரூபா போட்டேன். 2012 நடுப்பகுதியில் சுட்டெண் 5,000 க்கும் கீழே இறங்கியது. நீண்டகால முதலீடுதானே, விலை வரும் என்றிருந்தேன். அதையே சாட்டாக வைத்துக் கணக்கறிக்கையைக் கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

2018 இல் எனது கடைக் கட்டடத்தை விற்க உரிமையாளர் முன்வந்தார். முற்பணத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. பங்குகளை விற்றிருந்தால் சமாளித்திருக்கலாம். நட்டத்துக்கு விற்பதா என்று மனம் விடவில்லை. கட்டடம் வேறொருவர் கைக்குப் போனது. இன்றும் வாடகை கட்டுகிறேன்.

2024 இல்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். சுட்டெண் 2021 ஜனவரியில் பழைய உச்சத்தைத் தாண்டி, அடுத்த வருட ஜனவரியில் 13,000 க்கும் மேலே போயிருந்தது. ஆகவே சந்தையைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை. எனது பங்கு அப்போதுதான் வாங்கிய விலையை நெருங்கியிருந்தது. இடையில் கிடைத்த பங்கிலாபமும் சொற்பம். பரவாயில்லை, முதல் தப்பியது என்று நினைத்தேன். ஆனால் இறக்குமதிச் சரக்கு விற்பவன் டொலரிலும் பார்க்க வேண்டும். 2011 இல் டொலர் 110 ரூபா அளவில் இருந்தது. அன்று எனது 10 இலட்சம் சுமார் 9,000 டொலர். 2024 இல் டொலர் 300 ரூபாவைச் சுற்றி நின்றபோது அதே 10 இலட்சம் சுமார் 3,300 டொலர்தான்.

அதன் பிறகே கட்டணம் கொடுத்து ஒரு முதலீட்டு ஆலோசகரிடம் போனேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ என்னிடம்தான் கேள்வி கேட்டார். இந்தப் பணம் எதற்காக, எப்போது தேவை? கடன் எவ்வளவு? கடைக்கு வெளியே என்ன இருக்கிறது? இன்று கையில் 10 இலட்சம் இருந்தால் இதே பங்கை வாங்குவீர்களா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றேன். மூன்று தடவையாகப் பிரித்து விற்றேன்.

எமது சமூகத்தில் முதலீடு ஹலாலானதா என்று ஆலிம்களிடம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஹலாலான முதலீடெல்லாம் இலாபமான முதலீடு ஆகிவிடாது. அது வேறு கேள்வி, அதற்கு வேறு ஆள் வேண்டும். சரக்கு இறக்கச் சுங்க முகவருக்கும், வழக்குக்குச் சட்டத்தரணிக்கும் காசு கொடுக்கும் நாம், ஆயுட்கால உழைப்பைப் போடும் இடத்துக்கு மட்டும் இலவச ஆலோசனை தேடுகிறோம்.

இலவச ஆலோசனைக்கும் யாரோ காசு கொடுக்கிறார்கள். பங்குத் தரகருக்கு நாம் வாங்கினாலும் கொமிஷன், விற்றாலும் கொமிஷன். காப்புறுதி முகவருக்குக் கம்பனி கொடுக்கிறது. அதனால் அவர்கள் கெட்டவர்கள் என்றில்லை. உங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று எவரிடமும் முதலில் கேளுங்கள். பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்த முறை கடையில் இருப்பெடுக்கும்போது லாச்சியையும் திறந்து பாருங்கள். அங்கிருப்பதும் உங்கள் சரக்குத்தான்.