கள்ளத் துவக்கு வாணிகமும் நாடுகளின் கடமையும்

கல்லூரி விழா மலரொன்றிலே கல்வியின் மாண்பையும் ஆசிரியப் பெருமக்களின் தொண்டையும் எடுத்தோதுதல் மரபு. அத்தகைய மலரிலே படைக்கல வாணிகம் பற்றிய உரைக்கு இடம் யாதென அன்பர் சிலர் வினவுதல் கூடும். உரும்பிராயிலே பிறந்து வளர்ந்தோர்க்கு அவ்வினா எழாது. செம்மண் தோட்டத்து உழைப்பையும் பிள்ளைகளின் படிப்பையுமே முதலாகக் கொண்டு வாழ்ந்த ஊர் நம்மூர். 1987 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே இவ்வூர் தன் மக்கள் பலரைப் பறிகொடுத்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தனர். அக்காலத்து வகுப்பு இடாப்புகளிலே இடைநடுவில் நின்றுபோன பெயர்களுக்குக் காரணம் தேடிச் செல்வோமாயின், பல இடங்களில் ஒரு துவக்கின் முன்னரே சென்று நிற்போம். ஆதலின் அத்துவக்கு எங்கிருந்து வந்தது, யாரால் வந்தது, இனி வாராமற் காக்கும் வழி யாது என ஆராய்தல் கல்விக்குப் புறம்பான செயலன்று.

நாம் இங்கு வற்புறுத்த விழைவது ஒன்றே. கள்ளத் துவக்கு கள்ளமாகப் பிறப்பதில்லை. ஊர்க் கொல்லன் பட்டறையிலே செய்யப்படும் இடியன் துவக்கு காட்டுப் பன்றியைக் கொல்லும். சிலவேளை மனிதரையும் கொல்லும். ஆயின் நாடுகளை அழிப்பது அஃதன்று. அழிப்பவை அரசுகளின் அனுமதியோடு தொழிற்சாலைகளிலே செய்யப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் பொறிக்கப்பட்டு, முறையான பற்றுச்சீட்டோடு வெளிவரும் துவக்குகளே. பின்னர்க் களவினாலோ, கையூட்டினாலோ, பொய்ப் பத்திரத்தினாலோ, படையை விட்டோடிய வீரனாலோ, அரசொன்றின் மறைமுகக் கொடையினாலோ அவை கைமாறுகின்றன. முறையாகப் பிறந்து முறைதவறிப் போன பொருளை மீட்க வேண்டுமாயின், அது முறைதவறிய இடத்தைக் கண்டுபிடித்தல் வேண்டும். அவ்விடம் பெரும்பாலும் இரு நாடுகளுக்கு இடையிலேயே உள்ளது. எனவேதான் தனியொரு நாடு எத்துணைக் கடுமையான சட்டம் இயற்றினும் இத்தீமை ஒழிவதில்லை. இலங்கையிலே 1916 ஆம் ஆண்டு முதலே துப்பாக்கிகளுக்கு உரிமச் சட்டம் உண்டு. அச்சட்டம் தோட்டக்காரனின் பறவைத் துவக்கைக் கணக்கெடுத்தது. கடல்வழி வந்த ஆயிரக்கணக்கான துவக்குகளைக் கணக்கெடுக்க அதனால் இயலவில்லை.

உலகளாவிய நிலையைச் சிறிது நோக்குவோம். ஒருவரோ ஒருசிலரோ தூக்கிச் சென்று பயன்படுத்தக்கூடிய கைத்துப்பாக்கி, தானியங்கித் துவக்கு, இயந்திரத் துப்பாக்கி, சிறு மோட்டார் முதலியனவே சிறு ஆயுதங்கள், இலகு ஆயுதங்கள் எனப்படுகின்றன. ஜெனீவாவிலே இயங்கும் சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2018 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2017 இன் இறுதியில் உலகிலிருந்த துப்பாக்கிகள் 100 கோடிக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழ 85.7 கோடி பொதுமக்களிடத்தும், 13.3 கோடி படைகளிடத்தும், 2.3 கோடி பொலிசாரிடத்தும் இருந்தன. அணுக்குண்டைப் பற்றி உலகம் பேசிய அளவுக்கு இவற்றைப் பற்றி நெடுங்காலம் பேசவில்லை. ஆயினும் நமது தலைமுறையிற் சிற்றூர்களின் வாயிலுக்கு வந்து நின்றது அணுக்குண்டன்று. தோளிலே தொங்கும் துவக்கே.

நமது நாட்டின் அண்மை வரலாறு நாம் கூறியதற்குப் போதிய சான்றாகும். 1974 யூன் 5 ஆம் நாள் உரும்பிராய் மைந்தர் பொன். சிவகுமாரன் மாண்ட காலத்திலே, தமிழ் இளைஞர் கைகளில் இருந்தவை ஒருசில கைத்துப்பாக்கிகளும் தாமே கட்டிய குண்டுகளுமே. பத்தாண்டு கழியுமுன் நிலை முற்றாக மாறியது. 1983 யூலை வன்செயலின் பின்னர் இந்திய அரசின் நிறுவனங்கள் இயக்கங்களுக்குப் பயிற்சியும் படைக்கலமும் அளித்தன. இலங்கை அரசு சீனா, பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வாங்கிக் குவித்தது. இரு பக்கத்தும் வந்தவை பிறநாட்டுத் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டவையே.

1987 யூலை 29 ஆம் நாள் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒகஸ்ட் 5 ஆம் நாள் பலாலியிலே ஆயுத ஒப்படைப்பு நிகழ்ந்தது. நமது சந்தியூடாகச் செல்லும் வீதியின் முடிவிலே நிகழ்ந்த அவ்வைபவத்தைக் கண்டு போர் தீர்ந்ததென மகிழாதார் அரியர். ஆயின் ஒக்டோபர் 10 ஆம் நாள் போர் மீண்டும் மூண்டது. இடைப்பட்டவை 66 நாட்களே. ஒப்படைத்தவை எத்தனை, எஞ்சியவை எத்தனை என நடுநின்று எண்ணிப் பதிந்து உறுதிசெய்யும் ஏற்பாடு இருக்கவில்லை. போருக்குக் காரணங்கள் வேறும் பல உண்டெனினும், எண்ணப்படாத துவக்கு எவ்வளவு எளிதிற் பேசத் தொடங்கும் என்பதை நாம் அன்று கண்டோம்.

அதன் பின்னர் நிகழ்ந்தவையும் சிந்திக்கத்தக்கன. இந்தியப் படை வெளியேறுமுன் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரிலே இளைஞர் பலரிடம் துவக்குகளைக் கொடுத்து நிறுத்தியது. 1990 மார்ச் மாதத்தில் அப்படை கப்பலேறியபோது அத்துவக்குகளிற் பல விடுதலைப் புலிகளின் கைக்கு மாறின. அதே காலத்திற் கொழும்பு அரசும் தன் அன்றைய தேவை கருதிப் புலிகளுக்கு ஆயுதம் வழங்கியது. 1990 யூனில் மீண்டும் போர் தொடங்கியபோது அவை கொடுத்தோரை நோக்கியே திரும்பின. துவக்குக்கு நன்றியறிதல் இல்லை. இன்று ஒரு தேவைக்காக ஒருவர்க்குக் கொடுத்த படைக்கலம் நாளை எவர் கையிலிருக்கும் என்பதைக் கொடுத்தவர் அறியார்.

1997 ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதனினும் வியப்புடையது. இலங்கை இராணுவம் சிம்பாப்வே நாட்டின் அரசுப் படைக்கல நிறுவனத்திடம் ஏறத்தாழ 32,000 மோட்டார் எறிகணைகளை வாங்க ஏற்பாடு செய்தது. மொசாம்பிக் நாட்டின் பெய்ரா துறைமுகத்திலே அவை கப்பலேற்றப்பட்டன. ஆனால் வாங்கியவரைச் சென்றடையாமல், எவரை எதிர்த்து வாங்கப்பட்டனவோ அவரையே சென்றடைந்தன. பத்திரங்களிலே குறையில்லை, பொருள் மட்டும் போய்விட்டது. விற்ற நாடு, ஏற்றிய துறைமுகம், இடைத்தரகர், கப்பல், வாங்கிய நாடு என்னும் ஐந்து கண்ணிகளிலே ஒன்றேனும் மற்றொன்றை நேரே வினவியிருப்பின் இவ்வஞ்சகம் வெளிப்பட்டிருக்கும்.

போர் 2009 இல் முடிந்தது. துவக்கின் கதை முடியவில்லை. படையை விட்டோடியோரும் குற்றக் கும்பல்களும் கைக்கொண்ட துவக்குகள் தென்னிலங்கையிலே இன்றும் உயிர் குடிக்கின்றன. 2025 பெப்ரவரி 19 ஆம் நாள் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தின் உள்ளேயே ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சுழல்துப்பாக்கி நூலொன்றின் தாள்களைக் குடைந்து அதனுள் மறைத்துக் கொண்டுவரப்பட்டது. நூலைத் தெய்வமெனக் கற்பிக்கும் நமக்கு இதனினும் நாணத்தக்க செய்தி வேறில்லை. கடலிலும் அவ்வாறே. 2021 மார்ச்சில் அரபிக் கடலிலே, இலட்சத்தீவுகளுக்கு அண்மையில், இலங்கை மீன்பிடிப் படகொன்றை இந்தியக் கரையோரக் காவற்படை மறித்தது. அதிலே 300 கிலோகிராம் ஹெரோயினும், ஏ.கே. 47 துவக்குகள் ஐந்தும், 1,000 ரவைகளும் அகப்பட்டன. போதைப்பொருளும் படைக்கலமும் ஒரே படகிற் பயணஞ் செய்கின்றன என்பது இதனாற் புலனாகும்.

எனினும் அதே நிகழ்ச்சி நம்பிக்கையும் தருகின்றது. ஒரு நாட்டுப் படகை மற்றொரு நாட்டுக் காவலர் மறித்தமையாலன்றோ அத்துவக்குகள் கரை சேரவில்லை! 2025 ஒகஸ்டிலே இலங்கைக் குற்றக் கும்பல்களின் தலைவர்களெனத் தேடப்பட்டோர் சிலர் ஜகார்த்தாவில் இந்தோனேசியப் பொலிசாரின் உதவியோடு பிடிக்கப்பட்டனர். நீதிமன்றக் கொலையிலே தேடப்பட்ட ஒருவர் அவ்வாண்டு ஒக்டோபரில் நேபாளத்திற் பிடிபட்டார். நாடுகள் ஒன்றோடொன்று பேசும்போது குற்றவாளிக்கு ஒளிப்பிடம் குறுகுகின்றது. இஃது ஏட்டுச் சுரைக்காயன்று, கண்கண்ட பயன்.

இப்பேச்சை முறைப்படுத்த உலகம் சில ஏற்பாடுகளைச் செய்துள்ளது. 2001 யூலையில் நியூயோர்க்கிலே ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மாநாட்டிற் சிறு ஆயுதங்களின் கள்ள வாணிகத்தைத் தடுக்கும் செயற்றிட்டம் ஏற்கப்பட்டது. 2005 டிசெம்பரில் துவக்குகளுக்கு அடையாளம் பொறிக்கவும், பதிவேடு பேணவும், அகப்பட்ட துவக்கின் வழியைப் பின்னோக்கித் தேடவும் வகைசெய்யும் உடன்பாடு உருவாயிற்று. ஆயின் இவையிரண்டும் வாக்குறுதிகளேயன்றிச் சட்டப் பிணிப்புடையன அல்ல. 2006 இல் அச்செயற்றிட்டத்தை மீளாய்வு செய்த மாநாட்டுக்கு இலங்கைத் தூதுவர் பிரசாத் காரியவசம் தலைமை தாங்கினார். அம்மாநாடு முடிவறிக்கை எதுவுமின்றிக் கலைந்தது. பின்னர் 2013 ஏப்ரல் 2 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. 2014 டிசெம்பர் 24 இல் அது நடைமுறைக்கு வந்தது. இவ்வொப்பந்தமே சட்டப் பிணிப்புடையது. இன்று 110 க்கு மேற்பட்ட நாடுகள் அதிற் சேர்ந்துள்ளன. வாக்கெடுப்பிலே 154 நாடுகள் ஆதரித்தன, 3 எதிர்த்தன, 23 விலகி நின்றன. விலகி நின்றவற்றுள் இலங்கையும் ஒன்று, இந்தியாவும் ஒன்று. இரு நாடுகளும் இன்னும் அதிற் சேரவில்லை.

கள்ளத் துவக்கினால் இத்துணைத் துன்புற்ற நாடு விலகி நிற்பது முறையோ? முறையன்று என்பதே நமது துணிபு. இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் ஆராய்வோம்.

ஒரு சாரார், பேரரசுகளே கட்டுப்படாதபோது சிறிய நாடு கட்டுப்பட்டு என்ன பயன் என்பர். அமெரிக்கா 2013 இற் கையொப்பமிட்டும் உறுதி செய்யவில்லை என்பதும், ரஷ்யா சேரவில்லை என்பதும் உண்மையே. ஆனால் சீனா அன்று விலகி நின்று, 2020 இற் சேர்ந்தது. அன்றியும் துவக்குச் செய்வோர் நலமும் துவக்கால் இறப்போர் நலமும் ஒன்றல்ல. செய்பவன் தயங்குகின்றான் என்பது இறப்பவன் தயங்குதற்குக் காரணமாகாது.

மற்றொரு சாரார், நாட்டின் இறைமை குறையும் என்பர். 2017 டிசெம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திற் சேர்ந்தது. 2018 இற் கொத்துக் குண்டுத் தடை ஒப்பந்தத்திலும் சேர்ந்து, மறு ஆண்டிலே அவ்வொப்பந்த நாடுகளின் கூட்டத்திற்குத் தலைமையும் தாங்கியது. அப்போது குறையாத இறைமை இப்போது எங்ஙனம் குறையும்?

மூன்றாவது வாதம் நம்மவரிடையே எழுவது. அரசின் கையிற் படையும் பட்டாளமும் இருக்க, அரசற்றோரின் துவக்கை மட்டும் கள்ளமென்று பறித்தல் வலியோர்க்கு வகுத்த நீதியன்றோ என்பர். இதனை எளிதில் ஒதுக்கிவிடல் தகாது. 2001 ஆம் ஆண்டுச் செயற்றிட்டம் பெரிதும் கள்ள வாணிகத்தையே நோக்கியது என்பதும் மெய்யே. ஆயின் ஆயுத வர்த்தக ஒப்பந்தம் அவ்வாறன்று. அது விற்கும் அரசைக் கட்டுகின்றது. தான் விற்கும் படைக்கலம் இனப்படுகொலைக்கோ, மானிடத்துக்கு எதிரான குற்றங்களுக்கோ, பொதுமக்கள் மீதான தாக்குதல்களுக்கோ பயன்படும் என அறிந்தால், வாங்குபவர் அரசேயாயினும் விற்றல் ஆகாதென அதன் 6 ஆம் உறுப்புரை விதிக்கின்றது. விற்குமுன் தீங்கின் வாய்ப்பை ஆராய்தல் வேண்டுமென 7 ஆம் உறுப்புரை பணிக்கின்றது. ஏற்றுமதிப் பதிவேடுகளைப் 10 ஆண்டுகளேனும் பேணுதல் வேண்டுமென 12 ஆம் உறுப்புரை கூறுகின்றது. எறிகணையின் கீழ் வாழ்ந்த மக்கள் வேண்டத்தக்க ஒப்பந்தம் இதுவே. இதன் குறை, மீறுவோரைத் தண்டிக்கும் கை இன்மை. அக்குறையை நிரப்புவது பொதுமக்களின் விழிப்பே.

இங்கேதான் பழைய மாணவரின் கடமை தொடங்குகின்றது. கல்லூரியின் மைந்தர் பலர் இன்று பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, ஜேர்மனி, நோர்வே முதலிய நாடுகளிற் குடியுரிமை பெற்று வாழ்கின்றனர். இந்நாடுகள் யாவும் அவ்வொப்பந்தத்திற் சேர்ந்தவை. தத்தம் பாராளுமன்ற உறுப்பினரிடம், நமது நாடு இவ்வாண்டு யாருக்கு எவற்றை விற்றது, அறிக்கை வெளியிட்டதா என வினவும் உரிமை அவர்க்குண்டு. வலிமைமிக்க நாடுகளின் வாக்காளராகிய அவர், ஊரிலுள்ள நம்மாற் செய்யவியலாத ஒன்றைச் செய்யவல்லர். இங்குள்ளோர் தம் பிரதிநிதிகளிடம் இலங்கை இவ்வொப்பந்தத்திற் சேர்தல் வேண்டுமெனக் கேட்டல் வேண்டும். படைகளின் களஞ்சியத்திலுள்ள ஒவ்வொரு துவக்கும் எண்ணப்பட்டு, களவுபோனவை இன்டர்போலின் பதிவேட்டிற் சேர்க்கப்படவும் வற்புறுத்தல் வேண்டும். தோட்டம் கொத்தும்போதும் கிணறு இறைக்கும்போதும் பழைய வெடிபொருள் தென்படின், அதனைத் தொடாது உரியவர்க்கு அறிவித்தலும் இக்கடமையின் பாற்பட்டதே.

மாணவச் செல்வர்க்கு ஒரு சொல். துவக்கு ஏந்தியவனை வீரனென்றும், கணக்கெழுதுபவனைக் கோழையென்றும் எண்ணும் மனப்பான்மை ஒருகாலத்தில் வளர்ந்திருந்தது. உலகின் துவக்குகளை அடக்க வல்லது மற்றொரு துவக்கன்று. எண், பதிவேடு, உண்மையான கையொப்பம் என்பனவே. சட்டமும் பன்னாட்டு உறவும் கற்று, அவ்வேடுகளைப் பிழையின்றி எழுதவும், பொய்யெழுதுவோரை வெளிப்படுத்தவும் வல்ல சிலரேனும் இக்கல்லூரியிலிருந்து தோன்றுவாராயின், இவ்விழா பொருளுடையதாகும். இனி இக்கல்லூரி இடாப்பில் எழுதப்படும் ஒவ்வொரு பெயரும் ஆண்டிறுதி வரை வாசிக்கப்படுவதாக.